இலை காலியாகக் கூடாது

பூங்காவனம் மெஸ்ஸில் சர்வர் வேலைக்கு ஆள் வேண்டும் என்று காதில் விழுந்ததும், மொக்கையன், வீரணன், சடையன் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மூன்று பேர் மூளையையும் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருந்தால், அதைப் பஸ்ஸிலேயே மறந்துவிட்டு இறங்கியிருப்பார்கள். அப்படிப்பட்ட தங்கமான பிள்ளைகள்.

உள்ளே போகுமுன் வாசலில் நின்று யோசித்தார்கள்.

“நாள் பூரா சாம்பார் வாசம் சும்மாவே கிடைக்கும்டா,” என்றான் மொக்கையன்.

“ஆனா அடுத்தவன் உட்கார்ந்து திங்க, நாம நின்னுக்கிட்டுப் பார்க்கணுமே,” என்றான் வீரணன்.

சடையன் வெகுநேரம் மோவாயைத் தடவினான். “கண்ணை மூடிக்கிட்டுப் பரிமாறினா?”

அட, அப்போ நல்ல வேலைதான் என்று மூவரும் முடிவுகட்டி உள்ளே போனார்கள்.

மெஸ்காரி பூங்காவனத்துக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரிய வீட்டுக் கல்யாணம் ஒன்று. பெண்ணுக்குத் தாய்மாமன் ஒச்சப்பன் மதியம் வந்து சாப்பிட்டுப் பார்ப்பார். பிடித்தால் சமையல் ஆர்டர் அவளுக்கு. பிடிக்காவிட்டால் மெஸ்ஸை இழுத்து மூட வேண்டியதுதான், அந்த அளவுக்கு வியாபாரம் படுத்துக் கிடந்தது. வந்த மூவரையும் அங்கேயே வேலைக்குச் சேர்த்துக்கொண்டு சட்டம் சொன்னாள்.

“எதைக் கொடுத்தாலும் சூடாக் கொடுங்க. இலை காலியா இருக்கக் கூடாது. சாப்பிட வந்தவர் முடிச்ச பிறகுதான் நீங்க சாப்பிடணும். பரிமாறுறவன் பாதியில வெளியே போகக் கூடாது. நான் போய் அவருக்கு வெத்தலை பாக்கு வாங்கிட்டு வந்துடறேன். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுக்கா!” என்றார்கள். வினையே அங்கேதான் ஆரம்பம்.

ஒச்சப்பன் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொதிக்கக் கொதிக்க வந்தது. வாய் வெந்துபோய் மோர் கேட்டார். அதையும் அடுப்பில் ஏற்றி, திரிந்துபோனதைப் பதவிசாக ஊற்றினான் வீரணன். சாம்பார் அமிர்தமாக இருந்ததால் மனுஷர் பொறுத்துக்கொண்டார்.

இலையில் சோறு தீர்ந்தது. சடையன் கொட்டினான். “போதும்ப்பா,” என்றார். இன்னும் கொட்டினான். கும்பிட்டார். கும்பிட்ட கையை ஒதுக்கிவிட்டுக் கொட்டினான். வேறு வழியில்லாமல் இலையை மடித்தார். மொக்கையன் அதைப் பிரித்து வைத்தான்.

“மடிச்சுட்டா காலியா இல்லையான்னு எப்படிங்கய்யா பார்க்கிறது?”

இதற்குள் மூவருக்கும் பசி வந்துவிட்டது. மூலையில் கூடிப் பேசினார்கள்.

“இவர் முடிக்கவே மாட்டேங்கிறாரே!”

“நாம போடுறதாலதான் முடியலையோ?”

“போடலைன்னா இலை காலியாயிடும்டா.”

“போட்டா நமக்குச் சாப்பாடு கிடையாது.”

“சர்வர் வேலையில இதுதாண்டா கஷ்டம்,” என்று பெருமூச்சு விட்டான் வீரணன். மூன்று பேர் கண்ணிலும் நீர் முட்டியது.

ஒச்சப்பனுக்கு மேல்மூச்சு வாங்கியது. எப்படியாவது எழுந்துவிட்டால் ஓடிவிடலாம். “தம்பிகளா, வாளியை இங்க கொடுங்க. நான் பரிமாறுறேன், நீங்க உட்கார்ந்து சாப்பிடுங்க,” என்றார்.

“அட, இது நமக்குத் தோணலையே!” என்று மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ஒச்சப்பன் ஒரு சுற்றுப் பரிமாறிவிட்டு வாளியோடு வாசல் பக்கம் நழுவினார்.

“ஏய், எங்க போற?” என்று வாய் நிறைய சோற்றோடு அதட்டினான் சடையன். “பரிமாறுறவன் பாதியில வெளியே போகக் கூடாது. ரசம் ஊத்து. சூடா!”

பாவம், ஊற்றினார்.

வெற்றிலைத் தட்டோடு உள்ளே நுழைந்த பூங்காவனம் அதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேடா!”

“நீங்களே பாருங்கக்கா,” என்றான் மொக்கையன் கோபமாக. “புது ஆளு சுத்த மோசம். என் இலை காலியாக் கிடக்கு.”

ஒச்சப்பன் வாளியை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். “உன் சாம்பார் பிரமாதம்மா. கல்யாண ஆர்டர் உனக்குத்தான். இவங்களை மட்டும் கூட்டிட்டு வராதே. இப்போ என்னை வெளியே விடச் சொல்லு!”

பூங்காவனம் சந்தோஷமாக வெற்றிலைத் தட்டை நீட்டினாள். அவள் வாய் திறப்பதற்குள் மூவரும் ஏப்பம் விட்டு எழுந்து, ஒச்சப்பனைத் தோளைப் பிடித்து உட்கார வைத்து, புது இலை ஒன்றை விரித்தார்கள்.

“நாங்க முடிச்சாச்சுய்யா. பரிமாறினவங்க இனிமேதான் சாப்பிடணும்,” என்றான் வீரணன் மனசு உருகி. “பாவம், எவ்வளவு நேரமா நிக்கிறீங்க!”

சடையன் சோற்று வாளியைத் தூக்கினான்.