பதினாலு தொட்டியும் பத்திரம்

சிற்றாங்கரை வாழைத்தார் மண்டியில் சுமை தூக்குகிற அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூத்தவன் ஆவுடையப்பன், நடுவில் சங்கிலி, கடைக்குட்டி சொரிமுத்து. தலைக்கு மேல் எத்தனை தார் வைத்தாலும் தாங்குவார்கள். தலைக்கு உள்ளேதான் கொஞ்சம் இடம் காலி. அதற்காக அவர்கள் யோசிக்காதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஊரிலேயே அதிகம் யோசிக்கிறவர்கள் அவர்கள்தான். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

மூவரில் ஆவுடையப்பனுக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி கோமதி மொட்டை மாடியில் ஒரு தோட்டம் போட்டிருந்தாள். பழைய பெயிண்ட் வாளி, உடைந்த குடம், சிமெண்ட் தொட்டி என்று கிடைத்ததில் எல்லாம் மண் நிரப்பி, கத்தரி, தக்காளி, மிளகாய், பிச்சி, புதினா என்று மொத்தம் பதினாலு தொட்டி. போன கோடையில் எல்லோரும் மூன்று நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பியபோது பாதிச் செடி கருகிக் கிடந்தது. கோமதி ஒரு மாதம் புருஷனோடு பேசவில்லை. அந்த ஒரு மாதத்தை நினைத்தால் ஆவுடையப்பனுக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

இந்தக் கோடையில் கோமதியின் அம்மா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். பார்த்துக்கொள்ளப் புளியரைக்குடிக்குப் போன கோமதி இரண்டு மாதமாக அங்கேயே இருந்தாள். வீட்டில் சங்கிலி சமைத்தான். அதைப் பற்றி மேலே சொல்லாமல் இருப்பது நல்லது. ஆவுடையப்பனுக்கு வீடு வீடாகவே இல்லை. எப்போதடா வருவாள் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஒருவழியாகப் புதன்கிழமை போன் வந்தது. அம்மாவுக்குத் தேவலை, வெள்ளி முதல் ஞாயிறு வரை ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா, மூவரும் வந்து இருந்துவிட்டுத் திங்கட்கிழமை தன்னை அழைத்துப் போகலாம் என்றாள் கோமதி. கூடவே மூன்று வேலை சொன்னாள். தொட்டிகளை எல்லாம் ஒன்றாக நிழலில் சேர்த்து வைக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் நன்றாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பக்கத்து வீட்டு ஞானதுரை சாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்.

“நான் வந்து பாக்கும்போது ஒரு செடி வாடியிருந்தாலும் சரி, வந்த பஸ்லயே எங்க அம்மைகிட்டத் திரும்பிப் போயிருவேன், பாத்துக்கிடுங்க” என்றாள்.

கோமதி சொன்னால் செய்கிறவள். ஆவுடையப்பன் போனை வைத்ததும் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினான்.

காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் டேங்கின் மேற்குப் பக்கம் நல்ல நிழல் விழுந்திருந்தது. பதினாலு தொட்டியையும் அங்கே வரிசையாக அடுக்கினார்கள். பன்னிரண்டு மணிக்குச் சொரிமுத்து துணி எடுக்கப் போனவன் அலறியடித்துக்கொண்டு இறங்கி வந்தான். தொட்டி எல்லாம் வெயிலில் இருந்தது. யாரோ நிழலை எடுத்துவிட்டார்கள் என்றான்.

மூவரும் தேடி, டேங்கின் அடியில் ஒடுங்கிக் கிடந்த நிழலைக் கண்டுபிடித்துத் தொட்டிகளை அங்கே திணித்தார்கள். மூன்று மணிக்குப் பார்த்தால் நிழல் கிழக்குப் பக்கம் போய் நீட்டிப் படுத்திருந்தது. மறுபடி தூக்கினார்கள். சொரிமுத்து ஒரு சாக்கட்டி கொண்டுவந்து நிழலைச் சுற்றிக் கோடு போட்டான். இனித் தாண்டினால் தெரிந்துவிடும் என்றான். நிழல் கோட்டை மதிக்கவில்லை.

“அண்ணே, இது ஒரு இடத்துல நிக்காத நிழலா இருக்கு. இதை நம்பிச் செடியை விட்டுட்டுப் போவ முடியாது” என்றான் சங்கிலி.

ஆவுடையப்பன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். யோசித்து முடிக்கும்போது மணி ஆறரை. வெயில் இறங்கி மாடி முழுக்க நிழலாக இருந்தது. அவன் முகம் மலர்ந்தது.

“ஏலே, நாமதான் அவசரப்பட்டுட்டோம். இப்பப் பாரு, எங்க பாத்தாலும் நிழலு. இந்நேரம் வச்சா எங்கன வேணாலும் வைக்கலாம்” என்றான்.

அப்படியே பதினாலு தொட்டியையும் நட்டநடு மாடியில் கொண்டுவந்து வைத்தார்கள். மண்டியில் ஒருநாள் முழுக்கத் தார் தூக்கினாலும் அவ்வளவு முதுகு வலித்திருக்காது. ஆனாலும் முதல் வேலை முடிந்த திருப்தியில் நன்றாகத் தூங்கினார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. நேற்று வைத்த நிழல் காலையிலேயே காணாமல் போயிருந்தது. ஆவுடையப்பன் பதறவில்லை. அது சாயங்காலம் வந்துவிடும் என்று தெரியும். இன்றைக்குத் தண்ணீர் வேலை.

ஒரு தொட்டிக்கு ஒரு நாளைக்கு இரண்டு செம்பு. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று நாலு நாளைக்கு எட்டுச் செம்பு. எட்டையும் இன்றே ஊற்றிவிட்டால் செடி அதை வைத்துப் பார்த்துச் செலவழித்துக்கொள்ளும் என்று முடிவாயிற்று. புதினாவில் தொடங்கினார்கள். மூன்றாவது செம்பிலேயே தொட்டியின் அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே வர ஆரம்பித்தது. சங்கிலி கீழே படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்து அதைக் கவனித்தான்.

“சனிக்கிழமைத் தண்ணி போகுது அண்ணே” என்றான் கவலையாக.

“மேல ஊத்துனா கீழ போகுதுன்னா, கீழ இருந்து ஊத்துனா மேலதான போவும்?” என்றான் சொரிமுத்து.

இதில் யாருக்கும் குறை சொல்லத் தோன்றவில்லை. இருந்தாலும் ஆவுடையப்பன் மூத்தவன், பொறுப்பானவன். பதினாலையும் கவிழ்க்க வேண்டாம், முதலில் ஒன்றை மட்டும் பார்ப்போம் என்றான். புதினாத் தொட்டியைத் தலைகீழாக நிறுத்தி ஓட்டையில் செம்பைச் சாய்த்தார்கள். தண்ணீர் உள்ளே போனது. தொட்டியை நிமிர்த்தினால் தொட்டி மட்டும்தான் வந்தது. மண்ணும் புதினாவும் தரையில் உட்கார்ந்திருந்தன.

கோமதியின் முகம் ஆவுடையப்பன் கண்முன் வந்து நின்றது. அவனே மண்ணை அள்ளித் தொட்டியில் போட்டுப் புதினாவை நட்டு, அதனிடம் மன்னிப்பும் கேட்டான். புதினா நல்ல சாதி. ஒன்றும் ஆகாதது போல நின்றுகொண்டது.

இனி மிச்சம் இருந்தது ஞானதுரை சார் ஒருவர்தான். ஓய்வு பெற்ற தபால்காரர், பொறுமைசாலி. தினமும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அவருக்கு ஒரு தடையும் இல்லை, மாடிப்படி வீட்டுக்குள்ளே இருக்கிறது, சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். மூவரும் ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லி முருங்கை மரத்தடியில் கூடினார்கள்.

“சாவியை அவர்கிட்டக் குடுத்துட்டா நாம திரும்பி வந்து எதை வச்சுத் திறக்க?” என்றான் சங்கிலி.

“குடுக்காமப் பூட்டிட்டுப் போனா அவர் எப்படி உள்ள போவாரு?” என்றான் சொரிமுத்து.

பேசிப் பேசி நல்ல முடிவாகவே எடுத்தார்கள். ஆவுடையப்பன் அதை சாரிடம் பணிவாகத் தெரிவித்தான். அவரை முதலில் உள்ளே விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள். நாலு நாளும் அவர் செடியோடேயே இருக்கலாம், அலைச்சல் இல்லை. சாப்பாட்டை அவர் வீட்டம்மா ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட வேண்டியது. ஞானதுரை சார் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாகர்கோவிலில் ஒரு வேலை இருந்ததை இப்போதுதான் நினைத்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆக, நிழலையும் நம்ப முடியவில்லை, தண்ணீரையும் நம்ப முடியவில்லை, தபால்காரரையும் நம்ப முடியவில்லை. பொழுது விடிந்தால் ஊருக்குப் போக வேண்டும். ஆவுடையப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். இந்த முறை கோமதி போனால் ஒரு மாதத்தோடு முடியாது என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. அப்போதுதான் வழி தெரிந்தது. செடியை விட்டுவிட்டுப் போனால்தானே கவலை?

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ் காலியாக வந்தது. கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் எட்டுத் தொட்டி உள்ளே போயிருந்தது. லாரி ஏற்றிப் பழகிய கைகளின் வேகம் அது. சீட்டுக்கு ஒரு தொட்டியாக உட்கார வைத்தார்கள். ஜன்னல் வழியாக வெயில் இந்தப் பக்கம் வந்தால் தொட்டிகளை அந்தப் பக்கம் மாற்றினார்கள். பஸ் திரும்பி, வெயில் அந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம் மாற்றினார்கள். அந்த வழியில் வளைவுகள் அதிகம். வழியில் ஏறியவர்கள் நின்றுகொண்டே வந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் பிச்சிச் செடியை மடியில் வாங்கிக்கொண்டு அதன் சீட்டில் உட்கார்ந்தார்.

புளியரைக்குடியில் கொடைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள், தலைக்கொரு தொட்டியாகச் சுமந்து நடைநடையாய் வந்தவர்களைப் பார்த்து, ஏதோ புது நேர்த்திக்கடன் என்று கும்பிட்டார்கள். கோமதி வாசலில் வந்து நின்றாள். புருஷன் தலையில் தன் மிளகாய்ச் செடியைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“இதுகளை எதுக்குங்க இங்க தூக்கிட்டு வந்திய?” என்றாள்.

“நீ பாக்கும்போது வாடாம இருக்கணும்னு சொன்னேல்லா? பாத்துக்கோ” என்றான் ஆவுடையப்பன்.

கோமதி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஓர் இலைகூட வாடவில்லை. புதினா மட்டும் கொஞ்சம் சாய்ந்தாற்போல் தெரிந்தது, அதையும் அவள் பெரிதுபடுத்தவில்லை. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்படி ஒருத்தன் தனக்காக முப்பது மைல் தொட்டி சுமந்து வருவானா என்று கொஞ்சம் கண்ணும் கலங்கியது. திங்கட்கிழமை கட்டாயம் வருகிறேன் என்றாள். ஆவுடையப்பனுக்கு இரண்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் சோறு சோறாக இருந்தது. மூன்று நாள் கொடையும் சிறப்பாக நடந்தது.

திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்தில் கோமதியே சொன்னாள், முதலில் தொட்டியும் பையும் ஏறட்டும், தான் கடைசியில் ஏறிக்கொள்வதாக. சங்கிலி கீழிருந்து தூக்கிக் கொடுக்க, சொரிமுத்து உள்ளே வாங்கி வைக்க, ஆவுடையப்பன் படியில் நின்று எண்ணினான். மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணிக்கை சொல்கிறவன் கடைசித் தார் ஏறியதும் லாரியின் பக்கப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவான். தட்டினால் வண்டி கிளம்பிவிட வேண்டும். பதினைந்து வருஷமாகத் தட்டிப் பழகிய கை. பதினாலாவது தொட்டி ஏறி, அதன் பின்னால் சங்கிலியும் ஏறியதும், ஆவுடையப்பன் பஸ்ஸை இரண்டு தட்டுத் தட்டினான்.

டிரைவர் கிளப்பிவிட்டார். கடைசி சீட்டில் இருந்த சங்கிலி, ரோட்டில் கோமதி கையை வீசி வீசி ஓடி வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். அண்ணி எவ்வளவு பாசமாக வழியனுப்புகிறாள் என்று நெகிழ்ந்துபோய், அவனும் ஊர் எல்லை வரை கையை வீசினான்.

சிற்றாங்கரை வந்து தொட்டிகளை மாடியில் ஏற்றி மறுபடி எண்ணினார்கள். பதினாலும் சரியாக இருந்தது, ஒன்றும் வாடவில்லை. ஆவுடையப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோமதியை வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டான். பதில் இல்லை. போன் போட்டான். மணி கீழே வைத்திருந்த அவள் பையிலிருந்து அடித்தது. வீட்டுக்குள்தான் இருக்கிறாள் என்று மூவரும் அரை மணி நேரம் தேடினார்கள்.

“எண்ணிக்கை சரியாத்தான அண்ணே இருந்துச்சு” என்றான் சொரிமுத்து.

ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. கையில் கிடைத்தவளை ரோட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று மாடியிலேயே உட்கார்ந்து விம்மினான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, உடனே போய் அழைத்து வர வேண்டும் என்று எழுந்தான்.

“அப்ப நான் செடிக்குக் காவல் இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க” என்றான் சங்கிலி.

ஆவுடையப்பன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். “மூணு பேரு போயே ஒருத்தியை விட்டுட்டு வந்துட்டோம். ரெண்டு பேரு போனா என்னத்தை எல்லாம் விட்டுட்டு வருவோமோ?” என்றான்.

வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில் சொருகிக்கொண்டு, பதினாலு தொட்டியையும் மறுபடி பஸ்ஸில் ஏற்றினார்கள்.

பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போய்க் கேட் திறந்ததும் எதிர்ப்பக்கம் நின்ற பஸ் மெல்ல ஊர்ந்து இவர்கள் பஸ்ஸை உரசுவது போல வந்தது. அதில் முன் ஜன்னலோரம் கோமதி உட்கார்ந்திருந்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து டிரைவருக்கே பயமாக இருந்திருக்கும். இவர்கள் கத்திக் கூப்பிடுவதற்குள் அந்த பஸ் சிற்றாங்கரையை நோக்கியும் இந்த பஸ் புளியரைக்குடியை நோக்கியும் போய்விட்டன.

“அண்ணே, அண்ணி நம்ம வீட்டுக்குல்லா போறாவ” என்று சங்கிலி பதறினான்.

ஆவுடையப்பன் கத்தரித் தொட்டியை மடியில் அணைத்துக்கொண்டு, நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

“போவட்டும்லே. நல்ல வேளை, எல்லாத்தையும் கையோட எடுத்துட்டு வந்தோம். அவ போய்ப் பாக்கையில வாடுறதுக்கு அங்க ஒரு செடியும் இருக்காது” என்றான்.