ஹோல்டில் கிடந்த பதினொரு புகார்கள்

சவரிமுத்து மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டீ கொட்டியது. கொட்டினால் கொட்டட்டும்!

"இந்தக் கூமுட்டை ஏஜென்ட்டுக்கு அவ்வளவு தெளிவா எழுதி வச்சேன் மேடம். கேட்டாத்தானே?"

மேடம் என்றது மெஹருன்னிசாவை. அவளுக்கு முப்பத்தாறு வயது, சவரிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் மோட்டார் பம்புக்குக் கையேடு எழுதிய மனுஷர், ஏஐ ஏஜென்ட்டுக்கு எழுதுவது எப்படி என்று ஆறு மாதமாக அவளிடம்தான் பாடம் கேட்கிறார். சிஷ்யர் என்றால் சிஷ்யர்தான், அதில் அவருக்கு வெட்கம் கிடையாது.

கம்பெனி பாளையங்கோட்டையில். மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் மெஷினை வாடகைக்குத் தருகிறது. மெஷின் மக்கர் பண்ணினால் போன் செய்ய வேண்டும், புகார் ஒரு டிக்கெட்டாகப் பதிவாகும். இப்போதெல்லாம் போனை எடுத்துப் பேசுவது மனுஷர் இல்லை, அந்த ஏஐ ஏஜென்ட். டிக்கெட்டுகளைப் பட்டியல் போட்டுக் காட்ட அதற்கு ஒரு டூல் உண்டு. அந்த டூலிடம் எப்படிக் கேட்பது, அது எதைத் தரும் என்று ஏஜென்ட்டுக்கு விளக்கும் பக்கத்தை எழுதியவர் சவரிமுத்து.

அன்று திங்கட்கிழமை காலை. இசக்கியம்மாள் என்பவள் ஆபீஸ் வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"மெஷின் நின்னு போச்சுன்னு சனிக்கிழமையே சொன்னேன். இன்னைக்கு மூணு தடவ போன் போட்டாச்சு. ஒங்க பேர்ல புகாரே இல்லன்னு கொஞ்சிக் கொஞ்சிப் பேசுது. எம் புருஷன் இரவல் சிலிண்டர்ல மூச்சு விட்டுக்கிட்டுக் கெடக்காரு. அது மத்தியானம் வரைக்கும் தாங்காது. நீங்கள்லாம் நல்லா இருப்பியளா?"

மெஹருன்னிசா வேறொரு மெஷினை வண்டியில் ஏற்றி, இசக்கியம்மாளையும் அதிலேயே அனுப்பி வைத்தாள். பிறகுதான் உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அந்த ஏஜென்ட்டைத் தூக்கிக் குப்பையில போடணும்," என்றார் சவரிமுத்து. "தப்பு அது மேலதானே மேடம்?"

அவள், அவர் எழுதிய பக்கத்தை பிரிண்ட் எடுத்து அவர் முன்னால் போட்டாள். டூலைத் திறந்து கொடுத்தாள்.

"நீங்கதான் ஏஜென்ட். நான் இசக்கியம்மாள். இந்தத் தாள்ல உள்ளதத் தவிர ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எம் புகார் என்னாச்சு?"

"இதென்ன சின்னப்புள்ள வெளாட்டு?"

"எம் புகார் என்னாச்சுன்னு கேக்கேன்!"

சவரிமுத்து தாளைப் பார்த்தார். 'நிலுவையில் உள்ள புகார்களைப் பார்க்க, ஓப்பன் என்று கேட்கவும்.' அவருடைய வாக்கியம்தான். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. கேட்டார். ஒன்றுமே வரவில்லை.

"ஒங்க பேர்ல புகார் எதுவும்..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட, இன்னைக்குத் திங்கக்கிழமல்லா! பதினோரு மணிக்கு ரிவ்யூ மீட்டிங். மேனேஜர் பாக்கும்போது ஓப்பன் சைபர்னு இருக்கணும்னு எல்லாத்தையும் 'நிறுத்தி வச்சிருக்கு'ன்னு ஹோல்டுக்கு மாத்திருவாங்க. சாயங்காலம் பழையபடி ஆக்கிருவாங்க. ஹோல்டுன்னு கேட்டா வரும் பாருங்க."

கேட்டார். பதினொரு டிக்கெட் வந்தது. மூன்றாவது இசக்கியம்மாளுடையது.

"இது தாள்ல எங்க இருக்கு?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மேடம்."

"ஏஜென்ட்டுக்கு யாரு சொன்னா?"

"டூல் செய்யுதத்தான் எழுதணும். நாம செய்யுத கோல்மாலையுமா எழுதுவாங்க?"

வாரா வாரம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆபீஸ் அது. மறைக்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? ஒருத்தருக்கும் கிடையாது.

"இன்னைக்கு மாத்தி வச்சது யாரு?" என்றாள் மெஹருன்னிசா.

"சர்வீஸ் ஆளுங்க அவசரமா வெளிய கிளம்பினாங்க. ஒரு கை குடுங்கன்னாங்க..."

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான்."

"பேர வாசிச்சியளா?"

"இல்ல. பதினொண்ணையும் ஒரே தட்டுல மாத்திட்டேன்."

அவருடைய கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இப்போது அதைக் காட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை. சீ, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது.

அப்போது வண்டிக்காரர் போன் செய்தார். மெஷினை மாட்டிவிட்டார்களாம், பெரியவர் பேசுகிறாராம். சிலிண்டரில் அளவு காட்டும் முள் சிவப்புக்கு வந்திருந்ததாம்.

சவரிமுத்து பக்கத்தைத் திறந்து தட்டினார். 'ஓப்பன் என்று மட்டும் கேட்காதே. ஹோல்டு என்றும் கேள். திங்கட்கிழமை மீட்டிங்குக்காக நாங்கள் புகார்களை ஹோல்டில் ஒளித்து வைக்கிறோம்.'

எழுதியதை ஒரு தடவை வாசித்துப் பார்த்தார்.

"இந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாமே மேடம். மேனேஜர் கண்ணுல பட்டா ஆபீஸ் மானமே போயிரும்."

மெஹருன்னிசா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூச்சுல்லா போகப் பாத்துச்சு, அண்ணாச்சி."