கிருமியின் சட்டைக்கு ஈ எடுத்த அச்சு

அந்தக் காலத்தில், கிருமிகளுக்கும் வாய் இருந்து ஊர்க்கதை பேசித் திரிந்தபோது, செங்கண்ணி என்ற பழ ஈ ஓர் அழுகிய பலாச்சுளையில் குடித்தனம் நடத்தினாள். பெற்ற புழுக்களையெல்லாம் கிருமிக்குப் பறிகொடுத்தவள். மறுபடியும் வயிறு நிறைய முட்டை. இவையும் போய்விடுமோ என்ற கவலையில் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

"குப்பையில பெத்தா அப்படித்தான். என்னை மாதிரி மண்வீடு கட்டத் துப்பிருக்கா?" என்று குளவி வேறு குத்திக்காட்டினாள்.

ஈயின் இரத்தத்திலும் காவல்காரர்கள் இருந்தார்கள். ஆனால் உறவுமுறை கேட்டுத்தான் ஆளை உள்ளே விடுவார்கள்.

ஒருநாள் செங்கண்ணியின் காலை முள் கிழித்தது. காயத்தின் வாசலில் பேச்சுக்குரல் கேட்டது.

"யாருப்பா அது?" என்றார் காவல்காரர்.

"உங்க பெரியம்மா பிள்ளை. தெரியலையா?"

"அட, வாங்க வாங்க!"

 செங்கண்ணி பாய்ந்து கிருமியைப் பிடித்தாள்.

"பெரியம்மா பிள்ளையா நீ? சட்டையைக் கழற்று, பார்க்கிறேன்."

"அது மட்டும் வேண்டாம் தாயே! பேரை மாத்துவேன், முகத்தை மாத்துவேன். சட்டை போனா ஊதி வெடிச்சிருவேன்."

செங்கண்ணி குனிந்து பார்த்தாள். சர்க்கரை இழைகளைக் குறுக்கே முடிச்சுப் போட்டுப் பின்னிய வலைச்சட்டை. அப்படியொரு பின்னல் அவள் உடம்பில் எங்குமே இல்லை.

காவல்காரரின் உள்ளங்கை அப்போதெல்லாம் பிசைந்த மாவுபோல மெத்தென்றிருக்கும். "கையை நீட்டு" என்றாள்.

"இந்தக் கிருமியை உள்ளே வச்சுக்கிட்டிருந்தா நீ செத்துப்போவே, அம்மா!" என்றார் காவல்காரர்.

"நான் போனால் போகிறேன். என் வயிற்றிலிருப்பது போகக் கூடாது."

கிருமியை அந்தக் கையில் வைத்து அழுத்தினாள். உடம்பு கொதித்தது, இறக்கை துவண்டது. கை இறுகும்வரை அவள் விடவில்லை. கிருமியை எடுத்து எறிந்துவிட்டுப் பார்த்தால், முடிச்சுக்கு முடிச்சு அப்படியே பதிந்த ஒரு பள்ளம்.

அடுத்த கிருமி, "மாமா, நல்லாயிருக்கீங்களா?" என்று வந்தது. காவல்காரர் உறவுமுறை கேட்கவே இல்லை. சட்டையைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. போட்டாரே ஒரு கூப்பாடு! உடம்பெங்கும் கிருமிக்கொல்லி சுரந்தது.

செங்கண்ணி பிழைத்தாள். அதே அழுகல் சுளையில் முட்டையிட்டாள். அந்தப் பள்ளத்தோடே பிறந்த புழுக்கள் கொழுகொழுவென்று வளர்ந்தன.

குளவி மெல்ல இறங்கி வந்தாள். "அக்கா, அந்த அச்சை எனக்கும் கொஞ்சம் குடேன்."

"ஏன்டி, மண்வீடு என்னாச்சு?"

"அங்கேயும் வந்துட்டானே, பெரியம்மா பிள்ளை!"

"எடுத்துக்கோ. ஈ குடுத்ததுன்னு சொல்லி எல்லாருக்கும் குடு."

அன்று முதல்தான் பூச்சிகள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, கிருமியின் சட்டைக்கு அளவெடுத்த பள்ளத்தை இரத்தத்தில் வைத்துக்கொண்டே பிறக்கின்றன. ஈயும் அழுகலின் நடுவே ராணிபோல உட்கார்ந்திருக்கிறது.