கரையடிப் பொங்கல்

முன்னொரு காலத்தில் குவளைநாட்டைச் செங்கதிரான் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கடைசியாகக் காதில் ஓதுகிறவன் பேச்சை நம்புவான், அவ்வளவுதான். ஒரு நாடு கெட்டுப்போக அது போதாதா?

அவனுடைய ஏரி அதிகாரி வீரகண்டர் பெரிய ஏரிக்குப் புதுக்கரை போட்டார். களிமண்ணை மிதித்துக் கட்ட வேண்டிய கரைக்குள் வெறும் மணலைக் கொட்டி, மேலே புல்லைப் பதித்துவிட்டார். மதகுக் காவலன் ஒச்சன் அதைக் கண்ணால் பார்த்தான். கரை உடைந்தால் கீழே மூன்று ஊர் போய்விடுமே என்று பதறி ராஜாவுக்கு ஓலை எழுதினான்.

"கடுமையாக விசாரிக்க வேண்டும்!" என்றான் ராஜா. யாரை விசாரிக்கச் சொன்னான் தெரியுமா? வீரகண்டரையே! திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான்.

மறுநாளே ஒச்சன் வேலை போயிற்று. குடிசைக் கூரையைப் பிரித்தார்கள். அவன் மனைவியை ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை. கடைசியில் ராஜத்துரோகி என்று அவனைச் சிறையில் போட்டு, ஏரி நிறையும் திருநாளில் நாக்கை அறுக்கத் தீர்ப்பும் எழுதினார்கள். முத்திரை வைத்தவன் அதே ராஜா. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

திருநாளும் வந்தது. ஏரி தளும்பியது. ஒச்சனைக் கட்டி இழுத்து வந்தார்கள். அப்போது மந்திரி அம்பலவாணர் எழுந்தார்.

"மகாராஜா, முதலில் சம்பிரதாயம். கரை போட்டவர் குடும்பத்தோடு கரையடியில் பொங்கல் வைத்து, ராஜாவுக்குப் பரிமாற வேண்டும். அப்புறம் நாக்கை அறுக்கலாம். நாக்கு எங்கே ஓடிவிடப் போகிறது?"

வீரகண்டர் முகம் வெளுத்தது. "என் வீட்டார் ஊரில் இல்லையே, மந்திரியாரே!"

"கவலைப்படாதீர்கள். நேற்றே பல்லக்கு அனுப்பி வரவழைத்துவிட்டேன்."

"அடுப்பை அந்த மேட்டில் மூட்டலாமே? இங்கே காற்று அதிகம்."

"நீங்கள் போட்ட கரை மறைப்பாக இருக்கும்போது காற்று எப்படி வரும்?"

பொங்கல் பொங்கியது. ராஜா இலை முன்னால் உட்கார்ந்தான். வீரகண்டர் பரிமாறக் குனிந்த நேரம் பார்த்து, அம்பலவாணர் கைத்தடியால் கரையிலிருந்து ஒரு மண்கட்டியைத் தட்டிவிட்டார். அது உருண்டு வந்து பானையில் 'ணங்'கென்று மோதியது.

"ஐயோ, கரை போச்சு!" என்று கத்திய வீரகண்டர், பேரப்பிள்ளைகளை வாரிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினார். ராஜாவை எழுப்பக்கூட இல்லை.

"மகாராஜா, ஒச்சன் வாயால் சொன்னதை இவர் காலால் சொல்லிவிட்டார். கேட்டீர்களா?" என்றார் மந்திரி.

ராஜா துள்ளி எழுந்தான். மதகைத் திறந்து தண்ணீரை வடியவிட்டார்கள். கரையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அத்தனையும் மணல். வீரகண்டர் தலையில் மண்கூடை ஏறியது. ஒச்சன் கட்டை அவிழ்த்து, பட்டுப் போர்த்தினார்கள். அவன் அந்தப் பட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ராஜாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கரையில் வேலை செய்த அறுபது பேரையும் நிறுத்தி, "மணல் சுமந்தது நீங்கள்தானே? ஒருத்தராவது என்னிடம் வந்து சொன்னீர்களா?" என்று அதட்டினான்.

கூட்டம் தலை குனிந்தது. மண் சுமக்கும் முத்தக்காள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லத்தான் சாமி கிளம்புனோம். அதுக்குள்ள ஒச்சன் உங்ககிட்டச் சொல்லிட்டான்னு கேள்விப்பட்டோம். அப்புறம் அவனுக்கு நடந்ததைப் பார்த்தோம். திரும்பிப் போயி மணல் சுமந்தோம்."