பூரணவல்லி எழுதிய பதில்கள்

பாளையங்கோட்டையில் மருந்துக் கடை வைத்திருந்தாள் பிரிசில்லா. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்காக அவள் ஓர் இணையக் குழுவும் நடத்திவந்தாள். குழுவை மேற்பார்க்கும் வேலையைச் சங்கரபாண்டி அவளிடம் கற்றுக்கொண்டிருந்தார். அவளைவிட மிகவும் மூத்தவர். ஆனாலும் அவளைக் கேட்காமல் எதையும் செய்ய மாட்டார்.

அன்று கேட்காமல் செய்துவிட்டார்.

பூரணவல்லி என்ற பெயரிலிருந்து குழுவில் வரிசையாக வசை வந்து விழுந்தது. 'உங்க யோசனையெல்லாம் குப்பை. இங்க ஒருத்தரும் பிழைக்கப் போறதில்ல.' புதிதாகச் சேர்ந்த நோயாளிகள் கலங்கிப் போனார்கள். சங்கரபாண்டிக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பெயரைக் குழுவை விட்டு வெளியேற்றினார். அப்படியும் மனசு ஆறவில்லை. அந்தப் பெயரில் இருந்த எல்லாப் பதிவுகளையும் அழித்தார். 'அழித்தால் திரும்பப் பெற முடியாது, சம்மதமா?' என்று திரை கேட்டது. சம்மதித்தார்.

மறுநாள் பிரிசில்லாவுக்கு ஒரு செய்தி வந்தது. எழுதியவர் பூரணவல்லியின் கணவர் வேலாயுதம்.

'அவ போய்ச் சேந்துட்டா. அந்தத் துக்கத்துல, அவ போன்ல இருந்து நான்தான் கண்டபடி எழுதிட்டேன். என்னை வெளிய தள்ளினது சரிதான். அவ எழுதினதெல்லாம் எங்க?'

எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், ஊசி குத்திய கை வீங்கினால் என்ன செய்வது, ராத்திரியில் பயம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று புதியவர்களுக்கு வருஷக்கணக்காகப் பதில் எழுதியவள் பூரணவல்லி.

பிரிசில்லா வேலாயுதத்தை மறுபடி உள்ளே சேர்த்தாள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

விஷயம் தெரிந்து சங்கரபாண்டி கடைக்கு ஓடிவந்தார்.

"அதையெல்லாம் மீட்க வழியே இல்லையா?"

"இல்ல சார்."

"அவர்ட்ட என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன்."

சீட்டு நீட்டிய ஒருவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். சங்கரபாண்டி அங்கேயே நின்றிருந்தார்.

"எனக்கு இந்த வேலை ஆகாது. என்னை எடுத்துருங்க."

அவள் போனை எடுத்து ஏதோ செய்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவருடைய அதிகாரம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.

"ஒரு மாசத்துக்குன்னு போட்டிருக்கே?"

"ஆமா சார்."

"ஒரே அடியா எடுத்துருங்கம்மா. என் மேலயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது."

"முதல்ல அது அடங்கட்டும் சார்."