பூரணம் தூக்கிப் போட்ட சுரைக்குடுக்கை

மனுசர் அடுப்பு மூட்டப் பழகுவதற்கு முந்தியே, உடைமரக் காட்டு விலங்குகள் தத்தம் வளையில் உலை வைத்துப் பொங்கித் தின்ற காலம் ஒன்று இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு குளம். குளத்தங்கரையில் எதிரும் புதிருமாக இரண்டு வளைகள். ஒன்றில் பூரணம் என்ற பெருச்சாளி தன் நாலு குட்டிகளோடு இருந்தாள். மற்றதில் முத்துப்பேச்சி என்ற முள்ளெலி தனியாக இருந்தாள். இரண்டு வளைக்கும் நடுவே ஒரே குப்பைக்குழி.

வாரம் தவறாமல் நரி கோமதிநாயகம் கூடை சுமந்து வருவார். அகப்பை, குடுக்கை, பாத்திரம் தேய்க்கும் நார் என்று எல்லாம் அவர் கூடையில் இருக்கும். விலை தானியம்தான். ஒரு கைப்பிடிக் கம்பு, இரண்டு கைப்பிடிக் கம்பு என்று கேட்பார்.

பூரணத்துக்குப் புதுசு என்றால் உயிர். எதை வாங்கினாலும் முதலில் அடிப்பக்கத்தில் ஒரு கடி கடித்துப் பார்ப்பாள். பெருச்சாளிப் பல் சும்மா இருக்காது அல்லவா! கடி தாங்கினால் நல்ல சரக்கு என்பது அவள் கணக்கு. ஆனால் வாங்கின பொருளில் கொஞ்சம் கறை பட்டாலும், எண்ணெய்ச் சிக்கு ஏறினாலும் குப்பைக்குழிக்குப் போய்விடும்.

முத்துப்பேச்சி குழிக்குள் இறங்கி, இதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். குப்பைக்கு எதற்கு உத்தரவு என்று பூரணம் சிரிப்பாள். கரைத்து எடுத்த புளிச்சக்கையால் முத்துப்பேச்சி தன் பித்தளைச் சட்டியைத் தேய்ப்பாள். பிழிந்த எலுமிச்சைத் தோலை உப்பில் போட்டு ஊறுகாய் ஆக்குவாள். தேங்காய்ச் சிரட்டை அவள் கையில் அகப்பையாகும். கிழிந்த வடிதுணி அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணியாகும். கம்பு களைந்த தண்ணீர் அவள் வாசல் கருவேப்பிலைச் செடிக்கு.

"எங்க வீட்டுக் குப்பை எல்லாம் மதினி வீட்டுல விருந்தாளியா உக்காந்திருக்கு" என்று பூரணம் கேலி செய்வாள்.

"வரட்டும் மதினி. விருந்தாளிங்க வேலையும் செஞ்சு குடுக்காங்கல்லா" என்பாள் முத்துப்பேச்சி.

ஐப்பசி பிறக்கப் போகிற சமயம். மழை பிடித்துவிட்டால் நாற்பது நாளைக்கு யாரும் வளையை விட்டு இரை தேடப் போக முடியாது. உள்ளே இருக்கும் கம்புதான் சோறு. பூரணத்தின் மண்பானையில் நாலு குட்டிகளுக்கும் அவளுக்கும் சரியாகக் காணும் அளவு கம்பு இருந்தது.

மேகம் கூடிய அன்று நரி வந்தார். கூடையிலிருந்து பளபளவென்று ஒரு சுரைக்குடுக்கையை எடுத்தார். மலைக்கு அப்பாலிருந்து வந்த சரக்கு, ஈரம் புகாது, பூச்சி ஏறாது, மழைக்காலத்துக்கு இதை விட்டால் வேறு கிடையாது என்றார். விலை அரைப்பானைக் கம்பு.

பூரணம் கடித்துப் பார்க்க வாயைக் கொண்டுபோனாள். நரி பதறிப் பிடுங்கிக்கொண்டார்.

"தாயி, இது கடிச்சுப் பாக்குற சரக்கு இல்ல. பாத்தாலே தெரியலியா?"

பளபளப்பு அவள் கண்ணை மறைத்தது. பானையில் பாதியை அளந்து கொட்டிவிட்டு, குடுக்கையை வாசலில் வைத்து அழகு பார்த்தாள். நரி குளத்துக்கு அப்பால் ஓடும் ஓடையைத் தாண்டிப் போனார். பிறகு தூறல் விழுந்தது. குடுக்கையின் அடியில் பூசியிருந்த செம்மண் கரைந்தது. அங்கே இரண்டு பல் தடம். அவளுடைய பல்தான்! எண்ணெய்ச் சிக்கு என்று கோடையில் அவள் குழியில் வீசிய அதே குடுக்கை. நரி அதை எடுத்து, தேய்த்து, மெழுகிக் கொண்டுவந்திருக்கிறார்.

ஓடைக்கு ஓடினாள். அதற்குள் மலையில் கொட்டிய மழையால் ஓடையில் தண்ணீர் இரு கரையும் முட்டிப் போய்க்கொண்டிருந்தது.

மழை விடவில்லை. இருபதாம் நாள் பானையின் அடி தெரிந்தது. கடைசிக்குட்டி வெறும் சட்டியை நக்கிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தது. பூரணம் அதற்கு மேல் உட்கார்ந்திருக்கவில்லை. குடுக்கையை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே எதிர்வளைக்குப் போனாள்.

வாசலில் நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். குட்டிகளுக்கு மட்டும் ஏதாவது கடனாகக் கொடுங்கள் என்றாள்.

முத்துப்பேச்சி உள்ளே போய், சிரட்டையால் மூடிய ஒரு கலயத்தைத் தூக்கி வந்தாள். கழுத்து வரை கம்பு.

"கடன் இல்ல மதினி. இது உங்க பங்கு."

பூரணத்துக்கு விளங்கவில்லை. முத்துப்பேச்சி சொன்னாள். போன வருசம் வெள்ளம் தன் வளையை அடித்துக்கொண்டு போனபோது வெறுங்கையோடுதான் இந்தக் கரைக்கு வந்தாளாம். முதல் சோறு பொங்கியது பூரணம் வீசிய விளிம்பு உடைந்த சட்டியில். அன்று முதல், நரியிடம் வாங்காமல் குழியிலிருந்து ஒரு சாமான் எடுத்தால், அவருக்கு அளக்க வேண்டிய கம்பைத் தனியே எடுத்து, பாதியைத் தன் பானையிலும் பாதியை இந்தக் கலயத்திலும் போட்டு வந்தாளாம்.

"உங்களால மிஞ்சினது, உங்களுக்கும் வேணும்லா" என்றாள்.

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா மதினி?"

"சொல்லியிருந்தா இதையும் நரி அண்ணாச்சி கூடையில கொட்டியிருப்பீங்க."

பூரணத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"அந்தக் கருவேப்பிலையில ஒரு கன்னு குடுங்க. எங்க வீட்டுலயும் கம்பு களைஞ்ச தண்ணி இருக்கு."

அன்று குட்டிகள் வயிறு நிறையத் தின்று சுருண்டு படுத்தன. கலயத்துக் கம்பு மழை விடும்வரை வந்தது.

வெயில் வந்தது, நரியும் வந்தார். முயலும் கீரியும் உடும்பும் கூடையைச் சுற்றி நின்றார்கள். பூரணம் ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து, அடி மண்ணைச் சுரண்டினாள். அகப்பையில் அவள் பல். மத்தில் அவள் பல். முயலும் எட்டிப் பார்த்து, அந்தக் கீறல் விழுந்த மரவைக் கிண்ணம் நான் போட்டதல்லவா என்றது. நரி தொண்டையைச் செருமினார்.

எல்லாரும் சண்டையை எதிர்பார்த்தார்கள். பூரணம் சுரைக்குடுக்கையை அவர் முன்னால் வைத்தாள்.

"அண்ணாச்சி, இத இவ்வளவு பளபளப்பா விளக்கலாம்னு எனக்குக் காட்டினது நீங்க. அதுக்கு ஒரு கும்பிடு. நான் தந்த கம்புல ஒரு கைப்பிடி உங்க கூலி. மிச்சத்த இதுல கொட்டுங்க."

சுற்றி நின்றவர்கள் ஒருவரும் நகரவில்லை. நரி கூடைக்குள் இருந்த கம்பு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். பூரணம் அதில் பாதியை முத்துப்பேச்சியின் கலயத்தில் நிரப்பினாள். மீதி அந்தப் பழைய குடுக்கையில் கச்சிதமாக அடங்கியது.

முயல் தன் மரவையோடு போனது. மற்றவர்களும் கலைந்தார்கள். நரி கூடையைத் தலையில் வைத்து, கைப்பிடிக் கம்பை மடியில் முடிந்துகொண்டு, ஓடையைத் தாண்டி நடந்தார். ஒரு பொருளைத் தூக்கிப் போடுமுன் அதற்கு இன்னொரு வேலை உண்டா என்று பார்க்கிற வீட்டில்தான், அடைமழையிலும் உலை கொதிக்கும், அண்டை வீட்டுக்கும் ஒரு பிடி மிஞ்சும்.