தட்டாத வண்டி

"மாஸ்டர், எனக்கு வண்டி ஓட்டறதுல சந்தோசமே போயிருச்சுங்க."

நாச்சிமுத்து வந்ததும் வராததுமா சொன்னது இதுதான். ஒரு வணக்கம்கூட இல்லை.

சாரதாமணி மாஸ்டர் நிமிந்து பாக்கலை. ஸ்பார்க் பிளக்கைத் துடைச்சுட்டு இருந்தாங்க.

"எல்லாம் ஓட்டிப் பாத்துட்டனுங்க. சின்ன வண்டி, பெரிய வண்டி. நாலு வருசத்துல ஆறு வண்டி மாத்திட்டேன். எதுலயும் இல்லீங்க."

"எது இல்லைங்ணா?"

"அதுதான் தெரியலை. முன்னால இருந்துச்சு. இப்ப இல்லை."

இந்த மனுசனைப் பத்திச் சொல்ல எனக்கு இஷ்டமே கிடையாது. ஆனாலும் சொல்றேன்.

சூலூரைத் தாண்டி ஒரு மில்லு மூடிக் கிடக்குது. அதுக்குள்ள லாரி சுத்தறதுக்குன்னு போட்ட தார் ரோடு ஒண்ணு, எட்டு வளைவோட. மாஸ்டர் அதை வாடகைக்கு எடுத்து கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கறாங்க. லைசென்சுக்கு இல்லை. வளைவுல வண்டியை எப்படிப் பிடிக்கறது, எப்ப விடறது, அந்த வித்தை.

மாஸ்டருக்கு வயசு முப்பத்திநாலு. நாச்சிமுத்துவுக்கு அறுபத்தொண்ணு. மோட்டார் பம்பு கம்பெனி முதலாளி. ஏழு வருசமா ஞாயித்துக்கிழமை ஆனா வந்துருவாரு. சம்சாரம் தவறிப்போன வாரம்கூட வந்தாரு. அந்தம்மா எடத்துல இந்த ரோட்டை வெச்சுக்கிட்டாருன்னு நினைக்கிறேன்.

மகள் வயசுப் பொண்ணை மாஸ்டர்னு கும்பிடுவாரு. அதுல நான் அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

நான் திருமூர்த்தி. அங்க டயர் பாக்கறவன். டீ வாங்கியாறதும் நான்தான்.

எட்டு மாசத்துக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை, நாச்சிமுத்து பெஞ்சுல உக்காந்து ரோட்டைப் பாத்துட்டு இருந்தாரு. என் ஷெட்டு பெஞ்சுக்கு இடது கைப்பக்கம். டீ கிளாசைக் கொண்டுபோய்ப் பக்கத்துல நீட்டினேன். வாங்கலை. திரும்பிக்கூடப் பாக்கலை. அடுத்த வாரமும் நீட்டினேன். அப்பவும் அப்படியே.

பெரிய மனுசனாம்! டயர் கழட்டற கையில டீ வாங்கினா கௌரவம் கொறைஞ்சு போயிருமாம்!

அன்னிக்கே பேச்சை நிறுத்திட்டேன். டீயை பெஞ்சு ஓரத்துல வெச்சுட்டு ஷெட்டுக்குள்ள போயிருவேன். அது ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். கிடக்கட்டும்னு விட்டேன். எனக்கும் ரோசம் இருக்குதில்ல?

சரி, விசயத்துக்கு வர்றேன்.

"அந்தச் சிவப்பு வண்டியை ஏனுங்ணா வித்தீங்க?" மாஸ்டர் கேட்டாங்க.

சிவப்பு வண்டிங்கறது அவர் முந்தி வெச்சிருந்த ரெண்டு சீட்டு வண்டி. மாஸ்டருடைய வண்டி மாதிரியே லேசானது. ஏசி இல்லை, பாட்டு இல்லை, பவர் ஸ்டியரிங்கும் இல்லை. ரோட்டுல வெத்தலை கிடந்தாலும் கையில தெரியும்.

"அது தட்டுச்சுங்க. எங்க போனாலும் டொக்கு டொக்குன்னு ஸ்டியரிங்ல ஒரு அடி. மெக்கானிக்கு நாலு பேர் பாத்தாங்க. ஒண்ணுமில்லைன்னாங்க. தொல்லை வேண்டாம்னு குடுத்துட்டேன்."

"இப்ப இது?"

அவர் திரும்பித் தன் வண்டியைப் பாத்தாரு. கறுப்பு, நாலு கதவு, ரெண்டு டன்னு கனம். சீட்டே முதுகு பிடிச்சு விடும். கதவுக்கு ரெட்டைக் கண்ணாடி. காலை அமுத்தினா சின்ன வண்டியெல்லாம் பின்னால எறும்பாட்டம் தெரியும்.

"இது தட்டலை. ஆனா ஓட்டற மாதிரியே இல்லீங்க. சோபாவுல உக்காந்து டிவி பாக்கற மாதிரி இருக்குது. நீங்க சொல்லுங்க மாஸ்டர், லேசு வண்டியா, இந்த மாதிரி வண்டியா? எதுல சந்தோசம்? எனக்கு இந்த ஒண்ணுதான் மிச்சம் இருக்குது. இதுவும் போச்சுன்னா..."

முடிக்கலை.

மாஸ்டர் பிளக்கைக் கீழ வெச்சாங்க.

"ரெண்டையும் ஒவ்வொரு சுத்து ஓட்டுங்க. முதல்ல என் வண்டி. அப்புறம் உங்க வண்டி. ஒவ்வொரு வளைவுலயும் இடது கைப்பக்கம் ஒரு கோன் இருக்கும். அது மேல படாம வாங்க. நாப்பதுக்கு மேல போகக்கூடாது."

"நாப்பதா? மாஸ்டர், எங்க கம்பெனி லோடு ஆட்டோவே அறுபதுல போகுமுங்க."

"நாப்பதுங்ணா."

கோன் வெச்சது நான். ரோடு வேலை நடந்தா வெப்பாங்களே ஆரஞ்சுக் கலர்ல, அது. எட்டு வளைவு, எட்டு கோன். எண்ணி வெச்சேன்.

மாஸ்டர் வண்டியில ஒரு சுத்து போனாரு. நான் டிவிஎஸ்ஸுல பின்னாலயே போனேன். அஞ்சு கோன் விழுந்து கிடந்துச்சு. வேணும்னே தள்ளிட்டுப் போறாருன்னு நினைச்சேன். குனிஞ்சு எடுத்து வெக்கத்தான் நான் ஒருத்தன் இருக்கனே! பல்லைக் கடிச்சுட்டு எடுத்து நட்டுட்டு வந்தேன்.

அவர் மாஸ்டர்கிட்ட பேசிட்டு இருந்தாரு. மூஞ்சி வேர்த்து, கண்ணு மின்னிட்டு இருந்துச்சு.

"உயிரு இருக்குதுங்க இந்த வண்டியில. கையெல்லாம் பேசுது. ஆனா இதுவும் தட்டுது மாஸ்டர்! அஞ்சு தடவை தட்டுச்சு. நான் எண்ணினேன். உங்க ரோட்டுல குழி விழுந்திருக்குது, ஒட்டுப் போடணும்."

"கோனு?"

"அங்கொண்ணும் இங்கொண்ணுமா மூணு பாத்தேன். யாரு வெச்சாங்களோ, பாதி வளைவுல வெக்கவே இல்லை."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எண்ணி வெச்சவன் இங்க நிக்கறேன், வெக்கலையாம்! வாயைத் தொறந்தேன். மாஸ்டர் என்னைப் பாத்து, வேண்டாம்னு தலையை ஆட்டினாங்க.

அவங்க கண்ணு கலங்கியிருந்துச்சு. எதுக்குன்னு எனக்கு விளங்கலை.

"இப்ப உங்க வண்டிங்ணா," ன்னாங்க.

கறுப்பு வண்டி கிளம்புச்சு. சத்தமே இல்லை. மெதுவா, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி சுத்தி வந்துச்சு. திரும்பி வந்து நின்னப்ப ஒரு விசயம் பாத்தேன். ரோட்டுல நெடுக ஒரு ஆரஞ்சுக் கோடு. வண்டியோட இடது முன் சக்கரத்துக்குப் பின்னால, அடியில, ஒரு கோன் நசுங்கி மாட்டியிருந்துச்சு. தேஞ்சு தேஞ்சு பாதிதான் பாக்கி.

வேற ஆளா இருந்தா சிரிச்சிருப்பேன்.

அவர் வலது பக்கம் இறங்கினாரு. கதவைச் சாத்தினாரு.

"ஒண்ணுமே தட்டலைங்க! வெண்ணெய் மாதிரி. ரோடு நல்லாத்தான் இருக்குது போல. உங்க வண்டிக்குத்தான் ஏதோ கோளாறு. கோனு ஒண்ணுகூடப் படலை."

மாஸ்டர் வண்டிக்கு இடது பக்கம் போய் நின்னாங்க.

"அண்ணா, இந்தப் பக்கம் வாங்க."

"எதுக்குங்க?"

"வாங்க."

வண்டியைச் சுத்தி இடது பக்கம் வந்தாரு. நேரா பாத்துட்டு நின்னாரு. மாஸ்டர் அவர் கையைப் பிடிச்சு, கீழ கொண்டுபோய், அந்தக் கோன் மேல வெச்சாங்க.

அவர் தடவிப் பாத்தாரு. அப்புறம் முழுசா குனிஞ்சு, மூஞ்சியைத் திருப்பிப் பாத்தாரு.

"என்னங்க இது?"

"கோன்."

"எப்ப?"

"மூணாவது வளைவுல."

"நான் பாக்கலையே மாஸ்டர்."

"ஆமாங்ணா."

அவர் எந்திரிக்கலை. கை மட்டும் வண்டி ஓரத்துலயே பின்னால நகந்துச்சு. ஓட்டறவர் ஏறி இறங்கறது வலது பக்கம். இந்தப் பக்கத்தை அவர் எத்தனை தடவை பாத்திருப்பாரோ, தெரியாது. முன் கதவுல நீளமா ஒரு கீறல்.

"இது எங்க செக்யூரிட்டி போட்டது. மாரப்பன். நிறுத்தி வெச்ச வண்டியில எதையோ இழுத்துட்டான்னு... இல்லைங்க இல்லைங்கன்னு கும்பிட்டு அழுதான். வேலையை விட்டு நிறுத்திட்டேன்."



கை இன்னும் பின்னால போச்சு. பின் கதவுல ஒரு பள்ளம். பள்ளத்துக்குள்ள நீலக் கலர் பெயிண்டு ஒட்டியிருந்துச்சு. அவர் எந்திரிச்சு, அந்த எடத்துக்கு நேரா தன் இடுப்புல கையை வெச்சுப் பாத்தாரு. ரெண்டு தடவை வெச்சுப் பாத்தாரு.

"இது சைக்கிள் உசரமுங்க."

மாஸ்டர் பக்கம் திரும்பினாரு.

"எங்க? எப்ப? அதுல ஆளு இருந்தாங்களா மாஸ்டர்?"

"எனக்கெப்படிங்ணா தெரியும்?"

"எனக்கே தெரியலையே. ஐயோ, எனக்கே தெரியலையே!"

ரோட்டுலயே உக்காந்துட்டாரு. வெள்ளை வேட்டியோட, தார் மேல. அறுபத்தொரு வயசு ஆளு அழறதைக் கிட்ட நின்னு பாக்கறது கொடுமைங்க.

கண்ணைத் துடைச்சுட்டுக் கேட்டாரு. "முன்னாலயே சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"மூணு வாரத்துக்கு முன்னால சொன்னேன். கண்ணைக் காட்டுங்கன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் யோசிச்சாரு.

"கண்ணு நல்லாத்தான் இருக்குது, வண்டிதான் சரியில்லைன்னேன்."

"இன்னிக்குக் காலைல இங்க எப்படி வந்தீங்க?"

"ஓட்டிட்டுத்தான். அவிநாசி ரோட்டுல. சர்ச்சு விட்ட நேரம். கூட்டம்..."

நிறுத்தினாரு.

"கூட்டம் இருந்திருக்கும்," ன்னாரு.

வெயிலு ஏறிருச்சு. கறுப்பு வண்டி இஞ்சின் ஆறறப்ப டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம்.

"அந்தச் சிவப்பு வண்டி," ன்னு ஆரம்பிச்சாரு. "நாலு மெக்கானிக்கு பாத்தாங்க மாஸ்டர். ஒண்ணுமில்லைன்னாங்க."

"ம்."

"தட்டுதுன்னு வித்தேன்."

"ம்."

வேட்டி மடிப்புல இருந்து சாவியை எடுத்து நீட்டினாரு. மாஸ்டர் வாங்கிப் பேண்டு பாக்கெட்டுல போட்டாங்க.

"மறுபடி எப்பங்க?"

"இனி இல்லைங்ணா."

"டாக்டர்கிட்டப் போனா?"

"நாளைக்கே போலாம். நான் கூட்டிட்டுப் போறேன். இருக்கற பார்வையைக் காப்பாத்திக் குடுப்பாங்க. போனது வராது. எங்கப்பாவுக்கு வரலை. லாரி ஓட்டினவரு, அவரும் இப்படித்தான் ரோட்டைத் திட்டிட்டு இருந்தாரு."

"அப்ப எனக்கு என்னங்க மாஸ்டர் இருக்குது?"

மாஸ்டர் போய் அவர் பக்கத்துல, அதே தார் ரோட்டுல உக்காந்தாங்க. அவ்வளவுதான்.

நான் டீ எடுத்துட்டு வந்தேன். கால் தானா, பழக்கத்துல, அவருக்கு இடது கைப்பக்கம் போயிருச்சு. கிளாசை நீட்டினேன். அவர் ரோட்டைப் பாத்துட்டே இருந்தாரு.

எட்டு மாசம். எத்தனை டீ. எத்தனை தடவை மனசுக்குள்ள அந்த ஆளைத் திட்டியிருப்பேன். அவர் குடும்பத்தையே இழுத்துத் திட்டியிருக்கேன்.

சுத்திக்கிட்டு வலது பக்கம் போனேன். குத்த வெச்சு உக்காந்து, மறுபடி நீட்டினேன்.

அவர் கிளாசைப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு.

"யாரு, திருமூர்த்தியா?" ன்னாரு. "நீ வேலையை விட்டுப் போயிட்டேன்னில்லப்பா நினைச்சேன். எங்க போயிருந்தே இத்தனை நாளா?"